நசுங்கிய விரலுக்குக் கம்பெனி வைத்த பெயர்

தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, மேலே இருப்பவர்கள் ஆங்கிலத்தில் மூடிவைத்ததைத் தமிழில் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இதை நேர்முகத் தேர்வில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘எக்ஸிக்யூட்டிவ், எம்ப்ளாயீ கம்யூனிகேஷன்’ என்று மட்டும் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்து, வாதப்போட்டி மேடைகளில் எல்லாம் தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்தவள் நான். ஒரகடத்தில் கார் கதவுக்கான தகடுகளை அடித்துத் தருகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வீடு பென்னலூரில், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும், அப்பாவுக்கு அதுவே போதும். ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகளைத் தமிழாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, காலைக் கூட்டத்தில் அவற்றை வாசிப்பது, வெளியாட்கள் பார்வையிட வந்தால் ஆபரேட்டர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை.

‘ரீஸ்ட்ரக்சரிங்’ என்ற சொல்லைக் கேட்டதும் வேலை போகப்போகிறது என்று வீட்டுக் கடனைக் கணக்குப் போட்டது உண்டா நீங்கள்? ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்த தொலைபேசியைக் காது சுடச்சுடப் பிடித்திருந்தது உண்டா? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

குடும்பமும் முட்டையும்

எங்கள் கம்பெனியில் தொழிலாளி என்று ஒருவர்கூடக் கிடையாது. முதல் வாரத்தில் ‘தொழிலாளர்கள் கவனத்திற்கு’ என்று நான் எழுதிய அறிவிப்பை மனிதவள மேலாளர் பிரபாகர் சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அது பழைய சொல்லாம், மனதைப் புண்படுத்துமாம். ‘ஃபேமிலி மெம்பர்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். “தொழிலாளி என்பதில் என்ன சார் கேவலம்? மே ஒன்றாம் தேதி லீவு மட்டும் நீங்களும் எடுக்கிறீர்களே?” என்றேன். அவர் கோபப்படவில்லை. எப்போதுமே கோபப்படமாட்டார், எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். “டோன், செலின், டோன்” என்றார், என் தொனி சரியில்லை என்பதைக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுகிற குரலில்.

ஆக, நான் ஒட்டிய முதல் அறிவிப்பு இப்படி அமைந்தது: ‘நம் குடும்ப உறுப்பினர்கள் புதன்கிழமைகளில் ஒரு முட்டைக்கு மேல் எடுத்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார்கள்.’ கேண்டீனில் பரிமாறும் செல்வி அக்கா வடக்குப்பட்டுக்காரர். என்னை வாசித்துக் காட்டச் சொல்லி, கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “எங்க வூட்லயும் ஒரு முட்டைதான் பாப்பா. ஆனா இன்னொண்ணு கேட்டான்னு எம்புள்ளய வெளிய நிக்கவெச்சு என்கொயரி பண்ண மாட்டேன்.”

மின்சாரம் எடுத்த லீவு

அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம், 2012 வாக்கில். வாரத்தில் ஒரு நாள் ஆலைகளுக்கு மின்சாரம் இல்லை. அதற்கு ஊரெல்லாம் வழங்கிய பெயர் ‘பவர் ஹாலிடே’. என்ன அழகான பெயர்! கேட்டால் கொடைக்கானலுக்குப் பெட்டி கட்டத் தோன்றும். எங்கள் கம்பெனி அதற்கு ஒரு ‘ஹாப்பி’யும் சேர்த்துக்கொண்டது. ‘வியாழக்கிழமை ஹாப்பி பவர் ஹாலிடே, அதை ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து ஈடுகட்ட வேண்டும்’ என்பது சுற்றறிக்கை. எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். பாதிரியாரும் பூசையை வியாழனுக்கு மாற்றிக்கொள்வாரா என்று பிரபாகர் சாரைக் கேட்டேன். டோன் என்றார்.

காலைக் கூட்டத்தில் நான் அதை வாசித்தபோது, தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் லைனின் சூப்பர்வைசர் டில்லிபாபு கையைத் தூக்கினார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். கூட்டத்தில் கேள்வி கேட்கிற ஒரே ஆள். “மேடம், ஒரு டவுட்டு. லீவு எட்த்தது கரண்டு. ஈடு கட்றதுன்னா அதானே கட்டணும்? நான் இன்னாத்துக்கு வரணும்?”

ரெஸ்ட் ரூம்

பெண்கள் கழிப்பறைக் கதவில் ‘ரெஸ்ட் ரூம்’ என்று பித்தளைத் தகடு பளபளக்கும். லைனை விட்டு அங்கே போக வேண்டுமானால் கையைத் தூக்கி, மாற்று ஆள் வந்து நின்ற பிறகு, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அட்டையில் ‘கம்ஃபர்ட் பாஸ்’ என்று எழுதியிருக்கும். ஒரு லைனுக்கு ஒரே அட்டை. முன்னால் போனவள் திரும்பி வரும்வரை மற்றவர்களுக்குக் கம்ஃபர்ட் கிடையாது.

இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் முருகேஸ்வரி அறிமுகமானாள். முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர். படப்பையில் ஆறேழு பெண்களோடு ஓர் அறையில் தங்கி, பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தாள். இருபது வயதுதான், ஆனால் வாய் அறுபது வயதுக்குக் காணும். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி என் மேசைமேல் போட்டாள். “நீங்கதான் எழுதுறவுகளா? உள்ள போகையில ரெஸ்ட்டுங்கிறாக, வெளிய வரையில ஏன் இம்புட்டு நேரம்ங்கிறாக. பேசாம கக்கூசுன்னே எழுதுங்கக்கா, நிம்மதியாப் போய்ட்டு வாரோம்.”

எழுதினேன். மாலைக்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார்கள். மூன்றாம் முறை ஒட்டியபோது பிரபாகர் சார் பெருமூச்சு விட்டுவிட்டு, ‘கழிப்பறை’ என்று சமரசத்துக்கு வந்தார். அட்டையும் லைனுக்கு இரண்டானது. செல்வி அக்கா அன்று எனக்கு ரசத்தை மேலாக ஊற்றாமல் அடியிலிருந்து கலக்கி ஊற்றினார். “சண்ட போட்ட வாய்க்கு காரமா குட்சாத்தான் தாங்கும்.”

பெரிய வாய்ப்பு

அடுத்து ‘பாசிட்டிவ் லாங்வேஜ் வீக்’ வந்தது. ஒரு வாரத்துக்கு யாரும் எதிர்மறைச் சொல் பேசக் கூடாது. ‘பிரச்சினை’ கூடாது, ‘கோளாறு’ கூடாது, ‘பழுது’ கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: ‘வாய்ப்பு’. எதிர்மறையாகப் பேசுகிறவர்கள் சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாளே என் துப்பட்டா சூரியகாந்தித் தோட்டம்போல ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பிரபாகர் சார் அவரைத் தளத்துக்கு அழைத்து வந்து, நம் குடும்பத்தினர் எவ்வளவு நேர்மறையாக மாறிவிட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கோடியில் இருந்த இயந்திரத்திலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது. டில்லிபாபு ஓடி வந்தார். விருந்தாளியைப் பார்த்ததும் நின்றார். ஸ்டிக்கருக்குப் பயந்து சொற்களைத் தேடினார். பிறகு தளம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: “சார், கடைசி பிரஸ்ல பெரிய வாய்ப்பு சார்! வாய்ப்பு பத்திகினு எரியுது, எல்லாரும் வெளிய ஓடுங்க!”

சால்வை

நல்ல சொல்லுக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் வந்தபோது மகிழ்ந்தவள் நான். ‘நொண்டி’ என்று கூப்பிட்ட வாய்கள் அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சமாவது தடுமாறின. ஒரு சொல் அவ்வளவு செய்தாலே பெரிது. ஆனால் சொல்லைக் கொடுத்துவிட்டதால் மற்றதெல்லாம் கொடுத்தாயிற்று என்று ஏப்பம் விடுகிறார்களே, அங்கேதான் என் வாய் திறந்துகொள்கிறது.

ஸ்டோர்ஸில் இருந்த அந்தோணி அண்ணனுக்குச் சிறு வயதில் போலியோ. மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று அவருக்குச் சால்வை போர்த்த மேடை போட்டார்கள். மேடைக்கு உயரமான படிகள். பிடிக்கக் கம்பி இல்லை. இரண்டு பேர் அவரைத் தூக்கித்தான் ஏற்றினார்கள். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இறக்கிவிட்ட பிறகு பிரபாகர் சார், “ஹவ் டு யூ ஃபீல், அந்தோணி?” என்றார். “சால்வை நல்லாருக்கு சார். அந்தப் பணத்துல ஒரு சாய்வுப் பலகை போட்டிருந்தா, நானே நடந்து வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

போர்டுக்குக் காவல்

இனி சிரிப்பு கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் தட்டுக்கு அடியில் போகாது அல்லவா, அதற்காகத்தான். ஆனால் வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டச் சொன்னார்கள். அதன் பெயர் ‘சைக்கிள் டைம் ஆப்டிமைசேஷன்’, ஒரு தகட்டுக்கு ஆகும் நேரத்தைச் சீராக்குவதாம். ஒரு திங்கட்கிழமை காலை முருகேஸ்வரியின் வலது ஆள்காட்டி விரல்மேல் அந்த ஆப்டிமைசேஷன் இறங்கியது.

பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். எலும்பு நொறுங்கியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கம்பி வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கோணலாகச் சேர்ந்து விரல் மடங்காமலே போய்விடும் என்றார் டாக்டர். அவளிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, போய்ப் படுத்தால் வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் படுத்தால் வேலைக்கு வரவில்லை என்றாகும். காயத்தால் ஒருவர் வராமல் போனால் அதை விபத்து என்று எழுத வேண்டும். எழுதினால் வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் போர்டு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஆண்டு விருது போய்விடும். எனவே மறுநாள் காலை படப்பைக்கு ஒரு வெள்ளைக் கார் போனது. கட்டுப் போட்ட கையோடு அவளை ஏற்றிவந்து பயிற்சி அறையில் உட்காரவைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விட்டது. தினமும் இப்படியே. இந்த வட்டாரத்தில் இது புதிது இல்லையாம்; எனக்குத்தான் புதிது.

நான் போய்ப் பார்த்தபோது ஏசி குளிரில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. “ஊர்லருந்து அம்மா போன் போட்டுச்சு, இப்ப என்னடி வேலைன்னு. போர்டுக்குக் காவல் இருக்கேன்னு சொல்லவாக்கா?”

கற்றல் அனுபவம்

அன்றே பிரபாகர் சார் எனக்கு ஓர் அறிவிப்பைக் கொடுத்தார், தமிழாக்க. அதன் சாரம்: ‘நம் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு விரல் சார்ந்த ஒரு கற்றல் அனுபவம் ஏற்பட்டது. அவர் உற்சாகமாகப் பணியில் தொடர்கிறார்.’ நான் அதை இரண்டு முறை படித்தேன். இலக்கியம் படித்தவள், உருவகம் தெரியும், உவமை தெரியும், இடக்கரடக்கல் தெரியும். இது எதிலும் சேராது. “சார், ‘முருகேஸ்வரியின் விரல் இயந்திரத்தில் நசுங்கியது, காரணம் கட்டை’ என்று எழுதுகிறேன். அதுதான் மொழிபெயர்ப்பு” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சின்னப் பெண், உலகம் தெரியாது, சொல்லுக்கு என்ன சக்தி இருக்கிறது என்று இலக்கிய மாணவிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றெல்லாம் மெதுவாக ஆரம்பித்தார். நான் விடவில்லை. கட்டையைச் செருகியது சொல்லா, செயலா என்று கேட்டேன். விரல் மடங்காமல் போனால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டேன். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது. “விபத்துன்னு ஒரு தடவை எழுதிட்டா, அப்புறம் விபத்து நடந்ததா ஆயிடும்மா!”

அம்பாசடர்

சும்மா உட்கார்ந்திருக்கிறவளை வேலையில் இருக்கிறாள் என்று காட்ட ஏதாவது பதவி வேண்டுமே? வைத்தார்கள்: ‘சேஃப்டி அம்பாசடர்’. தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ள அழகிப் போட்டிபோல ஒரு பட்டை. அந்த வாரம் எங்களிடம் தகடு வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் வருவதாக இருந்தது. வாசலில் நின்று பூங்கொத்து கொடுக்கிற வேலையும் அம்பாசடருக்கே. பூங்கொத்தைப் பெரிதாக வாங்கச் சொன்னார் பிரபாகர் சார், கட்டு தெரியாமல் இருக்க. மறைக்க வேண்டிய ஆளையே வாசலில் நிறுத்துகிறோம் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. தானே வைத்த பெயரை அவ்வளவு நம்பிவிட்டார்.

தணிக்கைக்கு முந்தின நாள் நான் முருகேஸ்வரியிடம் வெளிப்படையாகப் பேசினேன். நாளைக்கு உன்னிடம் அவர்கள் பேசினால் மொழிபெயர்க்கப் போகிறவள் நான். நீ சொல்வதை நான் மாற்றமாட்டேன். ஆனால் நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். உன் வேலை போகலாம், என்னுடையதும் போகலாம் என்றேன். அவள் சன்னலுக்கு வெளியே சுங்குவார்சத்திரம் பக்கம் போகிற லாரிகளைக் கட்டுப் போட்ட கையால் காட்டினாள். “வேலை போனா ஒரகடம் பூரா கம்பெனிதானக்கா. வெரலு எந்தக் கம்பெனியில எடுக்குறாக?”

மொழிபெயர்ப்பு

தணிக்கைக்கு வந்தவர் குல்கர்னி மேடம். புனே பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. பூங்கொத்தை வாங்கிக்கொண்டு கைகுலுக்கக் கையை நீட்டினார். முருகேஸ்வரி இடது கையை நீட்டினாள். மேடத்தின் கண் வலது கைக்குப் போனது. பிறகு பட்டைக்குப் போனது. “சேஃப்டி அம்பாசடர் நாள் முழுக்க என்ன செய்வார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிரபாகர் சார் பதில் சொல்ல வாயெடுத்தார். “அவரைக் கேட்டேன்” என்றார் மேடம். நான் தமிழில் கேட்டேன். முருகேஸ்வரி சொன்னாள்: கை நசுங்கியவள் வீட்டில் கிடந்தால் போர்டு நின்றுபோகும் என்று கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக விடவில்லை, இப்படியே விட்டால் விரல் கோணலாகவே சேர்ந்துவிடுமாம். அதை ஒரு முற்றுப்புள்ளி குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் எம்.ஏ.வில் அவ்வளவு சுத்தமான ஆங்கிலம் நான் எழுதியதில்லை.

“எங்கள் செலின் கொஞ்சம் எமோஷனல், அந்தப் பெண் லைட் டியூட்டியில் மகிழ்ச்சியாக இருப்பதாகத்தான் சொன்னாள்” என்றார் பிரபாகர் சார். “நான் பொய் சொல்கிறேன் என்றால், இங்கே நிற்கிறவர்களில் இரண்டு மொழியும் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் மேடம்” என்றேன். வாசலில் அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து டில்லிபாபு வந்தார். தணிக்கைக்காக முந்தின நாள் கழற்றிய மரக்கட்டை அவர் கையில் இருந்தது. “சொல்லுங்க மேடம்,” என்றார் என்னிடம், கட்டையை அதிகாரிகள் பக்கம் நீட்டியபடி. “இத்த சொருவுனது நானு. சொருவச் சொன்னதும் இவுங்க, இந்த மேடம் வர்றாங்கன்னு எடுக்கச் சொன்னதும் இவுங்க. அந்தப் பொண்ணு சொல்றது நெசம்.” சொன்னேன். குல்கர்னி மேடம் கட்டையை வாங்கிப் பார்த்தார். பூங்கொத்தைப் பிரபாகர் சாரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “இவருடைய வேலை என்ன என்று கேட்டேன், பதில் கிடைத்தது. இப்போது உங்களுடைய வேலை என்ன என்று சொல்லுங்கள்.”

பூஜ்யம்

விபத்து என்று எழுதி, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்து, எல்லா இயந்திரத்திலும் இரண்டு கைக்கும் பொத்தான் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும்வரை தணிக்கையைத் தொடங்கப்போவதில்லை என்றுவிட்டார் மேடம். தொடங்காவிட்டால் எங்கள் தகடு ஒன்றுகூட வெளியே போகாது. ஆலைத் தலைவர் ஐந்தே நிமிடத்தில் நல்லவராகிவிட்டார். தினமும் கூட்டிவந்த அதே வெள்ளைக் கார் முருகேஸ்வரியை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஏறும்போது பட்டையைக் கழற்றி முன்சீட்டில் போட்டாள். டிரைவர் அதைக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

போர்டை மாற்ற வேண்டுமே, அதற்கு ஏணி வந்தது. யார் ஏறுவது என்று அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டில்லிபாபு ஏறினார். எண் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தார். கடைசியில் ஒற்றைப் பூஜ்யத்தை மாட்டினார். ஷிஃப்ட் மாறுகிற நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். எந்தக் கம்பெனியிலாவது பூஜ்யத்துக்குக் கை தட்டிக் கேட்டிருக்கிறீர்களா? டில்லிபாபு ஏணியிலிருந்து இறங்கிக் கையை உதறிக்கொண்டார். “இத்தினி நாளா இந்தப் பக்கம் நிமிந்து பாக்காத போய்கினு இருந்தேன் மேடம். இப்ப பாக்க நல்லாத்தான் கீது.”

வராத சொல்

அடுத்த வாரம் பிரபாகர் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். எனக்குக் காபி சொன்னார், அப்போதே புரிந்துவிட்டது. என் திறமைக்கு இந்த இடம் சிறியது என்றார். என்னை ‘ரிலீஸ்’ செய்ய நினைக்கிறார்கள் என்றார். மேற்படிப்புக்கு ‘ட்ரான்சிஷன்’ என்றார். “வேலையை விட்டு நீக்குகிறீர்களா சார்?” என்றேன். “சே சே, என்ன வார்த்தைம்மா அது!” என்றார். “அப்படியானால் நீக்கவில்லை?” என்றேன். “அப்படி இல்லை, ஆனால்...” என்று இழுத்தார். காபியை நிதானமாகக் குடித்துவிட்டுச் சொன்னேன்: “நீக்குகிறோம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், இப்போதே எழுந்து போகிறேன். காரணத்தை மட்டும் குல்கர்னி மேடத்திடம் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பாவம், அந்தச் சொல் இருக்கிற பக்கம் அவர் பல ஆண்டுகளாகப் போனதே இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல பஸ் ஏறி வந்து அடையாள அட்டையைத் தேய்த்தேன், கதவு திறந்தது. கேண்டீன் வாசலில் செல்வி அக்கா காத்திருந்தார். “இன்னா பாப்பா, உன்ன அனுப்பிட்டாங்கன்னு சொல்லிகினாங்களே?” அவருக்குப் பின்னால் தட்டோடு வந்த பிரபாகர் சார் அவசரமாகச் சொன்னார்: “அனுப்பல, அனுப்பல, யாரும் யாரையும் அனுப்பல!”

மடங்கிய விரல்

முருகேஸ்வரி திரும்பி வந்தபோது வெயில் காலம் முடிந்திருந்தது. கம்பியை எடுத்துவிட்டிருந்தார்கள். விரலில் நீளத் தழும்பு. நான் கேட்பதற்கு முன்பே கையை என் மேசைமேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிக் காட்டினாள். முழுசாக இல்லை; ஆனால் மடங்கியது. இன்னும் பயிற்சி செய்தால் இன்னும் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தகடு சரிபார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். நான் மேசைக்கு அடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாதக்காரிகளும் அழலாம், சட்டம் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து பிரபாகர் சார் புகைப்படக்காரரோடு வந்தார். கம்பெனிப் பத்திரிகையில் ‘மை ஹீலிங் ஜர்னி’ என்று அவள் கதையைப் போடப்போகிறார்களாம். அவள் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. “ஜர்னியெல்லாம் ஒண்ணுமில்ல சார். மிஷின்ல வெரலு நசுங்குச்சு, ஆஸ்பத்திரிக்கு விடலை, அப்புறம் விட்டீக, இப்ப மடங்குது. இதை அக்கா எழுதட்டும், ஒரு எழுத்து மாத்தாமப் போடுங்க, போட்டாவுக்குச் சிரிக்கிறேன்.” போட்டார்கள், சிரித்தாள்.

பல்கலைக்கழகம் எனக்கு எத்தனையோ அருமையான ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தது என்றாலும், ஒரகடத்தில் நான் ஜெயித்ததெல்லாம் நடந்ததை நடந்தது என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்ததால்தான்.